உத்தமபாளையம் திருக்குணகிரியும் வைகைவழிக் குகைத்தளங்களும்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடையே அமைந்த ஊர் உத்தமபாளையம். இவ்வூரை ஒட்டிய பாறைக் குன்றின் முகப்பில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசைகளில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. சிற்பங்களை ஒட்டி வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு இக்குன்றைத் திருக்குணகிரி என்று குறிப்பிடுகிறது. ஊர் மக்கள் இதைக் கருப்பணசாமி பாறை என்று அழைக்கின்றனர்.

இப்பள்ளத்தாக்கிலிருந்து வைகை ஆற்றின் போக்கில் மதுரை நோக்கிச் சென்றால் விக்கிரமங்கலம், சித்தர்மலை, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, திருப்பரங்குன்றம், அழகர்மலை, மாங்குளம் என்று வரிசையாகக் குகைத்தளங்கள் உள்ளன. இவற்றின் தரையில் படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. நெற்றிப் பாறையில் நீண்ட காடி ஓடுகிறது. சில இடங்களில் பழைய எழுத்துகளும் உள்ளன. இவற்றை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர் என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாக இருந்தது. அக்கேள்விக்கு விடை எவ்வாறு கிடைத்தது என்பதையும், அந்த விடையில் கம்பம் பள்ளத்தாக்கின் இடம் எது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மக்கள் வழக்கில் குகைகள்

மலைக்குகை ஒன்றில் வழவழப்பான கற்படுக்கைகளைக் கண்ட மக்கள் அவற்றுக்குத் தமக்குத் தெரிந்த கதைகளைக் கொண்டு பெயர் வைத்தனர். மதுரை வட்டாரத்தில் பல குகைகள் பஞ்சபாண்டவர் படுக்கை எனப்படுகின்றன. வனவாசத்தின்போது பாண்டவர் ஐவரும் இங்கே படுத்திருந்தனர் என்பது நம்பிக்கை. பழனிக்கு அருகில் உள்ள ஐவர்மலையின் பெயரும் இக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. வைகைக் கரையில் உள்ள குகைமலைக்குச் சித்தர்மலை என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளி மலையில் உள்ள கைலாசநாதர் குகையும் சித்தர்களோடு தொடர்புபடுத்தப்படுகிறது.

இவை தவிர, குகையிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கப்பாதை இருந்தது, உள்ளே புதையல் இருக்கிறது, போர்க்காலத்தில் அரசர் ஒளிந்திருந்தனர் என்பன போன்ற கதைகளும் ஊர்தோறும் உண்டு. இக்கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் இவற்றால் ஒரு நன்மை விளைந்தது. பாண்டவர் படுத்த இடம், சித்தர் தவம் செய்த இடம் என்ற மதிப்பு இருந்ததால்தான் பல குகைகள் உடைபடாமல் நம் காலம்வரை வந்துள்ளன.

மூவகைக் குகைகள்

தமிழகத்தில் குகை என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுபவற்றைத் தொல்லியல் அறிஞர் பிரித்துப் பார்க்கின்றனர்.

முதல் வகை குகைத்தளம். பெரிய பாறைகள் சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தும் இயற்கையாக உருவான குகைகளே இவை. மனிதர் செய்த வேலை சிறியது. தரையைச் செதுக்கிப் படுக்கை ஆக்கினர். தலைப்பக்கம் சற்று உயர்த்தித் தலையணை போல விட்டனர். மழைநீர் பாறை வழியாக உள்ளே வழியாமல் இருக்க முகப்பின் மேல்விளிம்பில் காடி வெட்டினர்.

இரண்டாம் வகை குடைவரை. திண்ணிய பாறையை உட்புறமாகக் குடைந்து தூண், மண்டபம், கருவறை ஆகியவற்றை உருவாக்குவது. பாண்டிய நாட்டில் இவை பெரும்பாலும் கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கோயில்கள். மதுரை ஆனைமலையில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770ஆம் ஆண்டுக்குரியது. அதே மலையின் வேறொரு பகுதியில் கற்படுக்கைகளோடு கூடிய பழைய குகைத்தளமும் உண்டு. ஒரே மலையில் இரண்டு வகையும் இருப்பதால் பார்வையாளர் இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொள்வது இயல்பு.

மூன்றாம் வகை ஈமக்குகை. இறந்தவர்க்காகப் பாறையில் குடையப்பட்ட அறை இது. இவ்வகை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் மிகுதி.

மலைக்கு மேற்கே காணப்படும் அறைகள்

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் சோவன்னூர், பொற்களம், எய்யல், காட்டகாம்பால் முதலிய ஊர்களில் செம்புரைக் கல்லைக் குடைந்து செய்த அறைகள் உள்ளன. இவற்றைத் தொல்லியல் அறிஞர் ஒய்.டி. சர்மா ஆராய்ந்து 1956இல் விரிவாக எழுதினார். சிறிய வாயில், வளைந்த கூரை, சில இடங்களில் கூரையில் வட்டமான திறப்பு ஆகியவை இவ்வறைகளின் அமைப்பு. உள்ளே சுவரை ஒட்டிக் கல்மேடைகளும் உண்டு.

படுக்கை போன்ற இம்மேடைகளை மட்டும் பார்ப்பவர் இங்கும் முனிவர் வாழ்ந்தனர் என்றே நினைப்பர். ஆனால் இவ்வகை அறைகளில் கிடைத்தவை மட்கலங்களும் இரும்புப் பொருள்களுமே. இவை இரும்புக் கால மக்களின் ஈமச்சின்னங்கள் என்பது அதனால் தெளிவாயிற்று.

தேனி மாவட்டத்தை அடுத்த இடுக்கி மாவட்டத்தில், மறையூரில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகள் பல உள்ளன. அங்குள்ளோர் இவற்றை முனியறை என்கின்றனர். முனிவர் தங்கிய அறை என்பது பொருள். உண்மையில் இவையும் ஈமச்சின்னங்களே.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. ஓர் இடத்தின் பெயரும் அதன் வடிவமும் அதன் பயனைத் தாமாகவே சொல்லிவிடா. உள்ளே கிடைத்த பொருள், வெளியே பொறித்த எழுத்து, அமைந்திருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன் விளங்கும். மேற்கே விடையைத் தந்தவை பொருள்கள். கிழக்கே வைகைக் கரையில் விடையைத் தந்தவை எழுத்துகள்.

எழுத்துகள் படிக்கப்பட்ட வரலாறு

மதுரைக்கு வடகிழக்கே உள்ள மாங்குளம் குகைத்தளத்தின் எழுத்துகளை 1882இல் ராபர்ட் சீவெல் உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டுகளில் கீழவளவு முதலிய இடங்களிலும் இத்தகைய எழுத்துகள் கண்டறியப்பட்டன. அவை அசோகர் கால பிராமி எழுத்தை ஒத்திருந்தன. எனவே மொழியும் பிராகிருதமாகவோ பாலியாகவோ இருக்கும் என்று தொடக்கத்தில் கருதினர். அவ்வாறு படித்தபோது பொருள் சரிவர அமையவில்லை.

1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இக்கல்வெட்டுகளில் வடமொழிகளுக்கு உரியன அல்லாத சில எழுத்துகள் இருப்பதைக் கண்டார். ற, ன, ழ, ள ஆகிய ஒலிகளுக்கு உரிய வடிவங்கள் அவை. இவ்வெழுத்துகள் வருமானால் மொழி தமிழாகவே இருக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1960களில் குகை குகையாகச் சென்று ஒவ்வொரு கல்வெட்டையும் நேரில் ஆராய்ந்தார். மாங்குளத்தில் பாண்டிய அரசன் நெடுஞ்செழியனின் பெயர் இருப்பதைப் படித்தறிந்தார். அவருடைய ஆய்வின் முழுத் தொகுப்பு 2003இல் வெளியாயிற்று. மாங்குளக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது அவர் கருத்து. இன்னும் முற்பட்டவை என்று கொள்ளும் அறிஞரும் உள்ளனர்.

ஆக, எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தும் அவற்றின் மொழி இன்னதென்று அறிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

கல்வெட்டுகள் கூறும் பயன்

குகைக் கல்வெட்டுகள் மிகச் சிறியவை. பெரும்பாலானவற்றில் சில சொற்களே உள்ளன. ஆனால் அச்சொற்களே குகையின் பயனைக் கூறிவிடுகின்றன.

உறை என்பது ஒரு சொல். உறைவிடம், தங்குமிடம் என்பது பொருள். வைகைக் கரைச் சித்தர்மலையில் மதுரையைச் சேர்ந்த அமணன் ஒருவரின் உறை என்று எழுதப்பட்டுள்ளது. கரூருக்கு அருகில் உள்ள புகளூர் ஆறுநாட்டான் மலையிலும் செங்காயபன் என்ற மூத்த அமணரின் உறை என்று காணப்படுகிறது.

பள்ளி, பாளி என்பன அடுத்த சொற்கள். படுக்கும் இடம், துறவியர் இருக்கை என்பது இவற்றின் பொருள். மாங்குளத்தில் பளி என்ற வடிவம் உள்ளது. திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளியைக் குறிக்கிறது. பிற்காலத்தில் பள்ளி என்ற இச்சொல்லே சமணர் மடத்துக்கும், கல்வி கற்பிக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. இன்று மாணவர் செல்லும் பள்ளிக்கூடத்தின் பெயரில் அச்சொல் இன்னும் வாழ்கிறது.

கொட்டுபித்த என்ற சொல், பாறையை வெட்டுவித்ததைக் குறிக்கிறது. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், செய்த வேலை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் அறிவிப்புப் பலகையாகவே இக்கல்வெட்டுகளைக் கொள்ளலாம்.

கொங்கர்புளியங்குளத்தில் இன்னொரு செய்தி கிடைக்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளில் கூரை வேய்ந்ததற்கான கொடை குறிக்கப்பட்டுள்ளது. குகையின் முன்புறப் பாறையில் கம்பு நடுவதற்கான குழிகளும் உள்ளன. எனவே குகை இன்று காண்பது போலத் திறந்து கிடக்கவில்லை. முன்னால் கூரைச் சார்ப்பு இறக்கி, வெயிலும் சாரலும் படாமல் வீடு போல ஆக்கியிருந்தனர். கல்லில் வெட்டிய பகுதி மட்டும் நிலைத்தது, கூரை அழிந்தது. இக்காரணத்தால்தான் குகை நமக்கு விளங்காப் புதிராகத் தோன்றுகிறது.

தங்கியவர் யார்

இக்குகைகளில் தங்கியோர் சமணத் துறவியர் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. அமணன் என்ற சொல்லும், மாங்குளத்தில் வரும் கணிநந்தி என்ற துறவியின் பெயரும் இதற்குச் சான்றுகள். பல குகைகளில் பிற்காலத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டதும் இதை வலுப்படுத்துகிறது. இவர்கள் ஆசீவகத் துறவியர் என்று பேராசிரியர் க. நெடுஞ்செழியன் வாதிட்டுள்ளார். எந்த நெறியைச் சேர்ந்தவராயினும் அவர்கள் துறவியர் என்பதில் மாறுபாடு இல்லை.

சமணத் துறவி ஓரிடத்தில் நிலையாகத் தங்கமாட்டார். ஊர் ஊராக நடந்து செல்வது அவர் கடமை. மழைக்காலத்தில் மட்டும் நடக்கலாகாது. நனைந்த நிலத்தில் புல்லும் பூச்சியும் பெருகியிருக்கும். நடந்தால் அவ்வுயிர்கள் மிதிபடும். எனவே நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்குவர். அக்காலத்துக்கு மழை படாத இடம் வேண்டும். ஊரின் ஆரவாரம் எட்டாத தூரத்தில் அது இருக்க வேண்டும். அதே வேளையில் நடந்து சென்று உணவு பெற்றுத் திரும்பும் அளவுக்கு ஊர் அருகில் இருக்க வேண்டும். குடிநீர்ச் சுனை பக்கத்தில் இருந்தால் நல்லது. வைகைவழிக் குகைத்தளங்கள் பெரும்பாலும் இத்தேவைகளுக்குப் பொருந்திய இடங்களிலேயே உள்ளன.

நெற்றிப் பாறையில் வெட்டிய காடியின் அருமை இப்போது விளங்கும். மழைக்காலத்தில் தங்குவதற்காகவே ஒதுக்கிய இடத்தில் நீர் உள்ளே வழிந்தால் தங்கும் நோக்கமே கெடும். ஈமக்குகையில் இத்தகைய காடிக்குத் தேவை இல்லை. உயிரோடு உள்ளவரின் உறக்கத்துக்காகவே மழைநீரைத் தடுக்க வேண்டியிருந்தது.

கொடுத்தவர் யார்

துறவியர்க்குக் கைப்பொருள் கிடையாது. கல்தச்சருக்குக் கூலி கொடுத்தவர் வேறு சிலர். மாங்குளத்தில் நெடுஞ்செழியனுடைய அலுவலர் ஒருவரின் பெயர் உள்ளது. அங்கேயே வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார் கொடுத்த கொடையும் குறிக்கப்படுகிறது. நிகமம் என்பது வணிகர் குழு.

அழகர்மலைக் கல்வெட்டுகள் இன்னும் விளக்கமானவை. உப்பு வணிகர், பணித வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர், பொற்கொல்லர் என்று கொடையாளரின் தொழில்கள் அங்கே எழுதப்பட்டுள்ளன. பணிதம் என்பது வெல்லப்பாகு, கொழு என்பது ஏர்க்கொழு, அறுவை என்பது துணி. புகளூரில் கருவூர்ப் பொன் வணிகர் ஒருவரின் பெயர் உண்டு. அன்றாடம் சந்தையில் விற்கும் பொருள்களின் பட்டியல் போல இது அமைந்துள்ளது.

வணிகரும் துறவியரும் ஒரே வழியில் நடந்தவர்கள். மலையடிவாரத்தில் குகை ஒன்று ஒழுங்குபெற்றால் துறவிக்கு உறைவிடம் கிடைத்தது. வணிகர்க்கு அறம் செய்த மனநிறைவும், தம் பெயர் கல்லில் நிலைக்கும் பெருமையும் கிடைத்தன. குகைத்தளங்கள் பலவும் பழைய வணிகப் பெருவழிகளை ஒட்டி அமைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

முசிறியும் கம்பம் பள்ளத்தாக்கும்

மதுரைக்கு மேற்கே முத்துப்பட்டிக் குகைத்தளத்தில் உள்ள ஒரு கல்வெட்டில் முசிறி என்ற ஊர்ப்பெயர் வருகிறது. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியையே இது குறிக்கிறது எனக் கொள்ளப்படுகிறது. திருப்பரங்குன்றத்தில் ஈழத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவரின் பெயர் காணப்படுகிறது. மதுரையைச் சுற்றிய குகைகளுக்குக் கொடை செய்தோர் அரபிக்கடல் கரையிலிருந்தும் ஈழத்திலிருந்தும் தொடர்பு கொண்டிருந்தனர் என்பதை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன.

முசிறி, ரோமானிய வணிகத்தால் புகழ்பெற்ற துறைமுகம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் உள்ள ஒரு பப்பிரசு ஆவணம் முசிறியோடு நடந்த கடல் வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றியது. கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வு, முசிறி இருந்த இடம் இதுவாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. அங்கே கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமண என்று எழுதியிருப்பது 2011இல் அறிவிக்கப்பட்டது. வைகைக் கரைச் சித்தர்மலையில் காணப்படும் அதே சொல், மேற்குக் கடற்கரையில் ஒரு பானை ஓட்டில் கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

மதுரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் செல்ல மலையைக் கடந்தாக வேண்டும். அதற்கான இயற்கை வழிகளுள் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கு. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்கே வருசநாட்டு மேகமலைத் தொடரும் இருபுறமும் நிற்க, நடுவே முல்லையாறும் சுருளியாறும் பாயும் நிலம் இது. கூடலூருக்கு அப்பால் குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு என்று மலையேறும் வழிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஏலமும் மிளகும் இவ்வழிகளில் இன்றும் இறங்குகின்றன.

இப்பள்ளத்தாக்கில் எழுத்தறிவு பழமையானது என்பதற்கும் சான்று உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். இவை கி.மு. காலத்தைச் சேர்ந்தவை. ஆகோள் எனப்படும் ஆநிரை கவர்தலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. அதில் கூடல் என்ற ஊர்ப்பெயரும் உள்ளது. இக்கண்டுபிடிப்புக்கு முன்பு, தமிழ்ப் பிராமியைக் குகைத் துறவியரின் எழுத்தாகவே பலர் எண்ணினர். மாடு மேய்க்கும் சிற்றூர் மக்களின் நடுகல்லிலும் அதே எழுத்து வரக் கண்டதும் அக்கருத்து மாறியது. குகையில் எழுதியவர்கள், படிக்கத் தெரிந்த மக்கள் நடந்து செல்லும் வழியில்தான் எழுதினர்.

படுக்கையிலிருந்து திருமேனிக்கு

பழைய குகைத்தளங்கள் வெட்டப்பட்டு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் அதே மலைகளுக்கு மறுவாழ்வு வந்தது. இம்முறை படுக்கைக்கு மாறாகத் திருமேனிகள் செதுக்கப்பட்டன. எழுத்தும் தமிழ்ப் பிராமியிலிருந்து வட்டெழுத்தாக வளர்ந்திருந்தது. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை, கருங்காலக்குடி, சிதறால் எனப் பல இடங்களில் சிற்பங்களின் அடியில் காணப்படுகிறது. உத்தமபாளையம் திருக்குணகிரியிலும் அவர் பெயர் உண்டு. தென்பாண்டி நாடு முழுவதும் மலை மலையாகச் சென்று சமண நெறிக்குப் புத்துயிர் ஊட்டியவராக அச்சணந்தி கருதப்படுகிறார்.

ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. இரண்டாம் வரகுண பாண்டியன் காலத்தில் சாந்திவீரக் குரவர் என்னும் துறவி, பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, 505 பொற்காணம் கொடையாக வைத்த செய்தியை அது கூறுகிறது. திருக்குணகிரியிலும் குன்றின் தேவர்க்குத் திருவிளக்கு எரிக்கக் கொடை அளிக்கப்பட்டது. தங்குமிடமாக இருந்த மலை, விளக்கு ஏற்றி வழிபடும் இடமாக மாறியதை இக்கொடைகள் உணர்த்துகின்றன. கழுகுமலைக் கல்வெட்டுகளில் மாணாக்கர், குரத்தியார் என்ற சொற்கள் வருகின்றன. குரத்தியார் என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும். எனவே இம்மலைகள் வழிபாட்டோடு கல்வியும் நடந்த இடங்களாயின.

அக்காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் இப்பகுதி அளநாடு எனப்பட்டது. உத்தமபாளையத்துக்கு அருகில் உள்ள சின்னமனூரில் கிடைத்த புகழ்பெற்ற செப்பேடுகள், 10ஆம் நூற்றாண்டில் பாண்டியன் இராசசிம்மன் அந்தணர்க்கு ஊர் தானம் செய்ததைக் கூறுகின்றன. ஒரே பள்ளத்தாக்கில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருபுறம் அந்தணர்க்குச் செப்பேடும் மறுபுறம் சமணர்க்குத் திருவிளக்கும் வழங்கப்பட்டன.

பின்னர் சமணம் இப்பகுதியில் மறைந்தது. ஆனால் குன்று வழிபாட்டை இழக்கவில்லை. கருப்பணசாமி அங்கே குடிகொண்டார். மக்கள் அவ்விடத்தைக் காவல் தெய்வத்தின் இடமாக மதித்ததால் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உடன் காக்கப்பட்டன.

பிற இடங்களில் உள்ள ஒப்புமைகள்

துறவியர்க்குக் குகை கொடுக்கும் வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பீகாரில் உள்ள பராபர் குன்றில் அசோகர் தம் ஆட்சியின் 12, 19ஆம் ஆண்டுகளில் குகைகளைக் கொடையாக அளித்தார். அவற்றுள் இரண்டு ஆசீவகர்க்கு உரியவை எனக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்குகைகள் பாறையைக் குடைந்து, உட்சுவரைக் கண்ணாடி போல மெருகிட்டு அமைக்கப்பட்டவை. ஓர் பேரரசனின் செல்வம் அவற்றில் தெரிகிறது.

வைகைக் குகைகளோடு நெருங்கிய ஒப்புமை இலங்கையில் உள்ளது. மிகிந்தலை, அனுராதபுரத்து வெசகிரி முதலிய இடங்களில் இயற்கைக் குகைகளின் நெற்றியில் இதே போன்ற காடி வெட்டி, அதற்குக் கீழே பிராமி எழுத்தில் கொடையாளர் பெயரைப் பொறித்துள்ளனர். இத்தகைய கல்வெட்டுகள் அங்கே ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அங்கே குகைகளைப் பெற்றவர் புத்த சங்கத்தார். நெறி வேறாயினும் வேலை முறை ஒன்றாக இருக்கிறது. கடலின் இருகரையிலும் மழை ஒன்று, பாறை ஒன்று, தேவையும் ஒன்று.

இன்றைய நிலை

குகைத்தளங்களின் பயனை நமக்குச் சொன்னவை சில அங்குல ஆழமுள்ள காடியும் விரல்நுனி அளவே ஆழமுள்ள எழுத்துகளும்தான். இவை எளிதில் அழியக்கூடியவை. பார்வையாளர் பெயர்களைச் சுண்ணாம்பாலும் பெயிண்டாலும் எழுதுவது, கல்லால் கீறுவது, குகைக்குள் அடுப்பு மூட்டுவது ஆகியவற்றால் பல இடங்களில் எழுத்துகள் சிதைந்துள்ளன.

இதைவிடப் பெரிய இழப்பு கல் வெட்டுவதால் வருவது. மேலூர் வட்டாரத்தில் கீழவளவைச் சுற்றிய குன்றுகள் பல கிரானைட்டுக்காக வெட்டப்பட்டன. அதே வட்டாரத்தில் உள்ள அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சமணச் சிற்பம், சிவன் குடைவரை ஆகிய மூன்றும் உள்ளன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. கல்வெட்டும் சுனையும் கோயிலும் நிறைந்த மலையைத் தங்கள் மலையாக மக்கள் எண்ணியதே அதைக் காத்தது.

குகை ஒன்றைக் காணச் செல்லும் மாணவர் கீழ்க்காணும் செய்திகளைக் குறித்துக்கொள்வது பயன்தரும். முகப்பின் மேலே காடி உள்ளதா, தரையில் படுக்கை உள்ளதா, தலைப்பக்கம் உயர்ந்திருக்கிறதா, முன்புறத்தில் கம்பு நட்ட குழி உள்ளதா, பக்கத்தில் சுனை உள்ளதா, அடிவாரத்தில் பழைய வழி எது, ஊரார் அவ்விடத்தை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பன அவை. எழுத்தைக் கண்டால் அதன்மேல் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

முடிவுரை

வைகைவழிக் குகைத்தளங்கள் மழைக்காலத்தில் துறவியர் தங்குவதற்காக, அவ்வழியே சென்ற வணிகரும் அரசு அலுவலரும் வெட்டிக் கொடுத்த உறைவிடங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய மலைகள் வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரிய பள்ளிகளாயின. அம்மாற்றத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் நிற்கும் சான்று உத்தமபாளையம் திருக்குணகிரி. அதற்கும் பின் அது கருப்பணசாமியின் பாறையாயிற்று. காலந்தோறும் பயன் மாறியபோதும், முன்னவர் விட்டுச் சென்றதைப் பின்வந்தவர் உடைக்கவில்லை. அந்த வழக்கம் தொடர்ந்தால்தான் இன்னும் படிக்கப்படாத எழுத்து ஏதேனும் இருந்தால் அது நாளைய மாணவர் கண்ணில் படும்.